நெற்றியில் ஒரு வட்டம்

"குருவே, எனக்கென்று தனியாக ஒரு கடை வைக்க எப்போது அனுமதி தருவீர்கள்?"

கேட்டவன் ஹாவ். முன்பு மல்யுத்தம் செய்தவன். குரு லியான், சீனத்து ஆற்றுத்துறை ஊர் ஒன்றில் மூங்கில் குடுவை வைத்து வலி தீர்ப்பவள். குடுவைக்குள் தீயைக் காட்டி எடுத்து முதுகில் கவிழ்த்தால், அது தோலைக் கவ்விக்கொள்ளும். எடுத்த பிறகு அந்த இடம் வட்டமாகக் கன்றியிருக்கும்.

"என்ன அவசரம்?"

"இந்த ஊரிலேயே கறுத்த வட்டம் நான் வைப்பதுதான். மூட்டை தூக்குகிற போ என்பவன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சந்தையைச் சுற்றி வருகிறான். 'நல்லா பார்த்துக்கோங்க, அசல் கத்தரிக்காய் நிறம்' என்கிறான்."

"அவன் முதுகுவலி?"

"அதை யார் கேட்டார்கள்?"

லியான் அவனை உட்கார வைத்தாள். ஒரு குடுவைக்குள் தீயைக் காட்டினாள். ஹாவின் நெற்றியில் கவிழ்த்தாள்.

எடுத்தபோது புருவங்களுக்கு மேலே முழு நிலா.

"எனக்குத் தலைவலி இல்லையே, குருவே."

"தெரியும். போய் உப்பு வாங்கி வா."

சந்தை வாயடைத்து நின்றது. முதலில் தேறியவள் மீன்காரி.

"புது வைத்தியமா ஐயா? உங்க மூஞ்சிக்கு ரொம்ப எடுப்பா இருக்கு."

அரிசி வியாபாரி தொண்டையைச் செருமினார். "நம்ம அந்தஸ்துக்கு இப்படி ஒன்று அவசியம்தான்."

ஹாவ் உப்பை மறந்துவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் காலை வாசலில் வரிசை. எல்லோரும் வட்டத்துக்காக நெற்றியைத் துடைத்தபடி நின்றார்கள். முதல் ஆளாக நின்றவன் போ.

"பாருங்கள் குருவே. அத்தனை பேரும் என்னைத் தேடி வந்தவர்கள்." ஹாவின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் நின்றது.

லியான் தேநீரை ஊதிக் குடித்தாள்.

வரிசையின் கடைசியில் சலவைக்காரி ஷூயிங். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"தோளைத் தூக்க முடியலை ஐயா. ஆனா வட்டம் கிட்டம் வேண்டாம். நாளைக்கு மகள் கல்யாணம்."

போ சிரித்தான். "வட்டம் இல்லாட்டி ஊருக்கு என்னத்தக் காட்டுவே அக்கா?"

"கையைத் தூக்கிக் காட்டுவேன். என் பொண்ணுக்குச் சிவப்பு முக்காடு போடப்போறது நான்தான்."

போ நெற்றியைத் துடைப்பதை நிறுத்தினான்.

ஹாவ் குருவைப் பார்த்தான். குரு தேநீரைப் பார்த்தாள்.

அவன் ஷூயிங்கை முன்னால் அழைத்து உட்கார வைத்தான்.

"எந்த இடம்மா? இங்கேயா? தூக்கும்போது வலியா, இறக்கும்போதா?"

அவள் காட்டிய இடத்தில் குடுவையை வைத்தான். தோலைக் கவ்விய உடனே எடுத்தான். மறுபடி வைத்தான், எடுத்தான். டப். டப். தோல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

"இதுக்கா இத்தனை நேரம்?" போ எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமே தெரியலையே."

வரிசை ஒவ்வொருவராகக் கலைந்தது. அரிசி வியாபாரி கடைசியாக ஒருமுறை செருமிவிட்டுப் போனார்.

ஹாவ் திரும்பிப் பார்க்கவில்லை. டப். டப்.

பிறகு ஷூயிங் கையை உயர்த்தினாள். தோள் வரை. காது வரை. தலைக்கு மேலே. அங்கே இல்லாத ஒரு முக்காட்டை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, மகாராணி மாதிரி நின்றாள்.

லியான் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஹாவ், கடையை எந்தத் தெருவில் வைக்கப் போகிறாய்?"