ஒரு நூல் கசிவு

அந்தக் காலத்தில், பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்த நாட்களில், வண்ணத்துப்பூச்சிகள் சிறகோடு பிறக்கவில்லை. கூட்டை உடைத்து வெளியே வரும்போது ஒரு வெள்ளைப் பட்டுத்துணி மட்டும் உடன் வரும். பிறவிக்கு ஒரு துணிதான். அதைப் பொன்வண்டு வாங்கி வண்ணம் தீட்டும். இலைவெட்டித் தேனீ அதைச் சிறகின் வடிவில் வெட்டித் தரும்.

கொல்லிமலையில் இந்தத் தொழிலைச் செய்த பொன்வண்டின் பெயர் பச்சைநாயகி. வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை, பேச்சில்தான் கோளாறு. தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்களை, சிறகு வாங்க வந்தவர்களிடமும் அப்படியே எடுத்து வீசுவாள். ஒருமுறை, அழகுக்காக நிறமில்லாமல் விடும் இடத்தை நினைத்து, நடுவில் வெற்றிடம் விடுகிறேன் என்று அவள் சொன்னதைக் கேட்டு, வேலையைப் பாதியில் விடப்போகிறாள் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி சண்டைக்கே வந்துவிட்டது. அப்போதும் அவள் விளக்கவில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள், அதுவே போதும் என்றிருந்தாள். தலையை ஆட்டுவதற்குப் புரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பது, அறிவாளிகள் பலரைப் போல அவளுக்கும் தெரியாது.

அந்த ஆண்டு, அரளி இலை தின்று வளர்ந்த கருப்பு வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டம் மேற்குமலைக்குப் புறப்படத் தயாராக இருந்தது. புறப்படும் நாளில் உச்சிப்பொழுதில் காற்று திரும்பும். அதோடு போகாதவர்கள் மழையில் சிக்கிச் சாக வேண்டியதுதான். கூட்டம் முழுவதும் ஒரே கருப்பு. அது அழகுக்காக அல்ல. வழியில் கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். இந்தக் கருப்பை அது ஒருமுறை கடித்துப் பார்த்து, அரளியின் கசப்பில் அலகைத் துடைத்துக்கொண்டு போனது. கருப்பைக் கண்டால் கிட்டே வராது. வேறு எந்த நிறம் பறந்தாலும் பிடித்துப் பார்த்துவிடும்.

கூட்டத்திலேயே கடைசியாகக் கூட்டை உடைத்தவள் கருப்பாயி. விடிந்து வெகுநேரம் கழித்துத் துணியோடு ஓடிவந்து, கூட்டத்தார் நிறமே தனக்கும் வேண்டும் என்றாள்.

பச்சைநாயகி தூரிகையை நனைத்துக்கொண்டே கேட்டாள். “புள்ளி அடர்த்தி எவ்வளவு வெக்கட்டும், அம்மணி?”

தூரிகை தொடும் இடங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கேள்வியின் பொருள். கருப்பாயிக்குப் புள்ளி என்ற சொல் மட்டுமே காதில் விழுந்தது.

“புள்ளியே வேண்டாங்க்கா. வெறுங்கருப்பு போதும்.”

பச்சைநாயகி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, இருப்பதிலேயே நெருக்கமாகத் தீட்டினாள். ஓரத்துக்கு வந்ததும் வழக்கம்போலச் சொன்னாள்.

“ஓரத்துல ஒரு நூல் கசிவு விட்டர்றேன்.”

கருப்பாயிக்குத் திக்கென்றது. இருப்பது ஒரே பட்டுத்துணி. அதில் ஒரு நூல் பிரிந்து, அந்த வழியாக மழைநீர் கசிந்தால் மேற்குமலைக்கு எப்படிப் போவது?

“கசிவெல்லாம் ஆகாதுங்க்கா. ஒரு நூல்கூடக் கசியக் கூடாது.”

இத்தனை காலத்தில் யாரும் பச்சைநாயகிக்கு ஓரம் தீட்டக் கற்றுக்கொடுத்ததில்லை. ஏன் வேண்டாம் என்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தேனீ வெட்டும் கோட்டுக்கு வெளியே ஒரு துளியும் போகாமல் வண்ணத்தை நிறுத்தினாள்.

தேனீ வந்து வெட்டினாள். சிறகைப் பிரித்துப் பார்த்தால், ஓரம் நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு, கரைபோட்ட வேட்டியைப் போல.

இந்தக் கோட்டைக் கரிச்சான் கண்டால் தன் கதை முடிந்தது என்று கருப்பாயிக்குத் தெரியும். கோடு தப்பி வெட்டிவிட்டாய் என்று பச்சைநாயகி தேனீயின் மேல் பாய்ந்தாள். தேனீ அசரவில்லை.

“எம் பல்லு என்னிக்குங்க கோட்டு மேலயே போயிருக்குது? மயிரிழை அந்தண்ட போகும், இந்தண்ட போகும். அதுக்குத்தானே நீங்க கசிவு விடுவீங்க?”

நூல் பிரியும் என்று பயந்துதான் வேண்டாம் என்றேன் என்று கருப்பாயி அழுதாள். பச்சைநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, ஒரு சொல்லை உடைத்துச் சொன்னாள்.

“நூலுங்கறது அளவு, அம்மணி. வெட்டற கோட்டைத் தாண்டி அத்தனை அகலத்துக்கு நெறம் போகும். பல்லு கொஞ்சம் வெலகினாலும் வெள்ளை தெரியாது. கசிவுன்னா அவ்வளவுதான்.”

கருப்பாயி கண்ணைத் துடைத்தாள். “இத அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நூலே விடச் சொல்லியிருப்பேனேக்கா.”

பச்சைநாயகி மிச்சமிருந்த கருப்பை வழித்து ஓரத்தில் இட்டாள். முழுக்கோட்டுக்கும் வரவில்லை, புதிதாகக் காய்ச்ச இரண்டு நாள் ஆகும். இடைவெளி விட்டு விட்டுத் தீட்டியதில், வெள்ளைக் கோடு அறுந்து வெள்ளைப் புள்ளிகளாக நின்றது.

காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. கருப்பாயியைத் தேடி வந்த கூட்டம் அந்தப் புள்ளிகளைப் பார்த்து வாயடைத்தது. பூவாத்தாள் என்ற ஒரு வாயாடிக்கு மட்டும் வாய் அடைக்கவில்லை.

“புள்ளியே வேண்டாம்னவளுக்கா இத்தனை புள்ளி? இவ ஒருத்திக்கு இருந்தாத்தானே கரிச்சான் பிடிப்பான். எங்க எல்லாத்துக்கும் வெச்சுடுங்க்கா.”

தேனீ நத்தை ஓட்டுச் சுண்ணாம்பைக் குழைத்துத் தந்தாள். பச்சைநாயகி தூரிகையை எடுத்தாள், உடனே தொட்டுவிடவில்லை. புள்ளி எவ்வளவு பெரிது, ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே என்று இலையில் வைத்துக் காட்டினாள். தலையாட்டியவர்களை விடவில்லை, புரிந்ததைத் தங்கள் வாயால் திருப்பிச் சொன்னவர்களுக்குத்தான் புள்ளி. இருவர் தப்பாகச் சொன்னார்கள். காற்று திரும்பிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு மறுபடி விளக்கினாள்.

உச்சிப்பொழுதில் கூட்டம் எழுந்தது. கரிச்சான் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அதே கருப்பு, அதே பறப்பு. புள்ளி ஒருத்திக்கு மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம், ஊருக்கே இருந்தால் அதற்குப் பெயர் வழக்கம். பழைய கசப்பு நினைவுக்கு வர, கிளையில் அலகைத் துடைத்துக்கொண்டது. கருப்பாயி கூட்டத்தின் நடுவில் பூவாத்தாளோடு பேசிக்கொண்டே மேற்கே போனாள்.

அன்று முதல்தான் அந்தக் கருப்பு வண்ணத்துப்பூச்சியின் சிறகோரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. அன்று முதல்தான் அழைப்பிதழோ நோட்டீஸோ வடிவமைப்பவர்கள், வெட்டுக்கோட்டைத் தாண்டி ஒரு நூல் நிறம் விடுகிறார்கள், அது ஏன் என்பதை வந்தவருக்கு முதலிலேயே சொல்லியும் விடுகிறார்கள்.