கைக்குட்டை போட்ட சீட்டு

கேள்வி சின்னது. கேட்டது காலை பதினொன்றரைக்கு. பதில் வந்தது மாலை ஆறரைக்கு.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்கள் இருபது பேர் ஞாயிறுதோறும் கூடிப் பாடுகிறோம். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர்கள், டீக்கடை மாஸ்டர் ஒருவர். நடத்துவது மரகதம் டீச்சர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு, ஞாயிறு எங்களோடு. வயது நாற்பதைத் தாண்டவில்லை. பேச்சு குறைவு.

நான் ஆர்மோனியம். என்னைப் பெட்டிக்காரர் என்பார்கள். போன வருஷத்திலிருந்து மேடையில் என் பெட்டிக்கு வேலை இல்லை. ஒத்திகைக்கு மட்டும்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை.

சொல்லாமலே இசைக் கல்லூரிக்கு எழுதிப் போட்டு, பயிற்சிக்கு ஒரு வயலின் பிள்ளை வேண்டும் என்று கேட்டார். தாரிணி வந்தாள். இருபது வயது. மூன்று மாதம் எங்களோடு இருக்க வேண்டும். முடிவில் டீச்சர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கேள்வி கேட்ட ஞாயிறுதான் கடைசி நாள். திங்கள் காலை படிவம் கல்லூரிக்குப் போகாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் வீண்.

கை சுத்தமான கை. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலது காதில் எப்போதும் ஒரு இயர்போன். ஃபோனில் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். டீ குடிக்கும்போதும் அதுதான். எங்கள் ஆட்கள் பேசியதையெல்லாம் ஒற்றைக் காதில் கேட்டாள்.

சுருதியைப் பெட்டியில் அழுத்துகிற கட்டைக் கணக்கில் சொல்வோம். எங்களுடையது ஐந்து கட்டை. பெட்டியில் அதற்கு அடுத்துக் கீழே நாலரை. நடுவில் ஒன்றும் கிடையாது.

எங்களுக்கென்று ஒரு பாட்டு உண்டு. நாங்களே கட்டியது. கம்பெனி பஸ் நிற்கிற நாலு ஸ்டாப்புக்கு நாலு சரணம். முதல் இரண்டில் வயலின் கூட வரும். மூன்றாவது வெறும் குரல். செக்கிங் வேலை பார்க்கிற பொன்னாத்தா எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாலாவதில் வயலின் திரும்பவும் நுழைய வேண்டும்.

ஒத்திகையில் சரணத்துக்குச் சரணம் நிறுத்துவோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் ஐந்தை அழுத்துவேன். எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். மேடையில் நிறுத்தம் கிடையாது.

அன்றைக்கு இரண்டு மேடை. காலையில் ஒரு பள்ளிக்கூட விழா. சாயங்காலம் தொழிலாளர் விழா.

காலை மேடையில் மூன்றாம் சரணத்தில் சுருதி இறங்கியது. பொன்னாத்தா இறங்கினாள், பத்தொன்பது பேரும் கூடவே இறங்கினார்கள். அவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. நாலாவதுக்குத் தாரிணி வில்லைப் போட்டாள். சுத்தமான ஐந்து. மேலே வயலின் ஒரு பாட்டு, கீழே குரல்கள் வேறொரு பாட்டு. நாலைந்து பேர் மேலே ஏறப் பார்த்தார்கள். நாலைந்து பேர் கீழேயே நின்றார்கள். பாட்டு உடைந்தது. பொன்னாத்தா வாயை மூடினாள்.

முன்வரிசையில் அவள் கம்பெனி சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். அங்கே படிக்கிற தன் பிள்ளையைப் பார்க்க வந்தவன்.

"பொன்னாத்தாக்கா, பீஸ் ரிஜெக்டு!" என்று கத்தினான்.

மண்டபமே சிரித்தது. பதினாறு வருஷமாக அடுத்தவர் தைத்ததை ரிஜெக்ட் செய்கிற வேலை அவளுக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு இது புதிதில்லை. போன வருஷம் பாட்டின் இதே இடத்தில் ஐந்தை அழுத்தியது நான். அதற்கப்புறம்தான் பெட்டியை மேடையிலிருந்து இறக்கினார்கள். டீச்சருக்கு என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் தாரிணி டீச்சரை மறித்தாள். முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் வாசிச்சது சரியான சுருதி. அவங்கதான் தப்பினாங்க. சரியா வாசிச்சது தப்பா?"

டீச்சர் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பொன்னாத்தாவக் கூட்டிட்டு வா."

"நானா?"

"நீதான்."

"இறங்குவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல? ஏன் சொல்லல?"

"போன மாசம் இயர்போனக் கழட்டுன்னேன். சுருதி போயிரும்னு சொன்னே."

"டீச்சர், என் ஃபார்ம்..."

"அஞ்சு மணிக்கு மேடை. பொன்னாத்தா இல்லாம பாட்டு இல்ல. பாட்டு இல்லன்னா உன்ற பயிற்சி முடியல." என் பக்கம் திரும்பினார். "பெட்டிக்காரரே, இவளுக்கு வழி காட்டுங்க."

உச்சி வெயிலில் நடந்தோம். வழியெல்லாம் அவள் முணுமுணுத்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க ஐயா. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நட" என்றேன்.

பொன்னாத்தா வீடு லைன் வீடு. வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளை வெட்டித் தருகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டாள். எங்களைப் பார்த்தும் கத்தரி நிற்கவில்லை.

"வாங்க பெட்டிக்காரரே. அந்தப் புள்ளையவும் நெழலுக்கு வரச் சொல்லுங்க."

"அக்கா, சாயங்காலம் வாங்கக்கா" என்றாள் தாரிணி.

"ரிஜெக்ட் ஆனத மறுக்காப் பேக்கிங்குக்கு அனுப்பறதில்ல கண்ணு."

"அக்கா, மூணாவது சரணத்துல மட்டும் சுருதி இறங்குது. கிட்டத்தட்ட அரைக் கட்டை. அதை மட்டும் கொஞ்சம் புடிச்சுக்கிட்டீங்கன்னா..."

"அரைக் கட்டைன்னா எத்தன இஞ்சு?"

தாரிணி என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.

"வேணும்னேவா எறங்கறேன் நானு?" கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. "சின்னமணி யாருன்னு தெரியுமா உனக்கு?"

"பாட்டுல வர்ற பேரு."

கத்தரி நின்றது.

"பாட்டுல வர்ற பேரா? மூணு மாசமா எங்ககூட உக்காந்து டீ குடிச்சே, வடை தின்னே. பாட்டுல வர்ற பேராம். கேட்டீங்களா பெட்டிக்காரரே?"

தாரிணி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் கை காதுக்குப் போனது. இயர்போன் அங்கேயே இருந்தது. எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

பொன்னாத்தா அதைப் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"பதினோரு வருசம் எனக்குப் பக்கத்து டேபிளு. புளியமர ஸ்டாப்புல ஏறுவா. நான் ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி ஏறி, கைக்குட்டை போட்டுச் சீட்டுப் புடிச்சு வெப்பேன். ஒரு திங்கக்கெழம ஏறல. காச்சல்னாங்க. புதங்கெழம எடுத்தாச்சு."

பொன்னாத்தா மடியிலிருந்த பனியனை நீவினாள்.

"வெள்ளிக்கெழம மறுக்கா வேலைக்குப் போறேன். கைப் பழக்கம், கைக்குட்டையப் போட்டுட்டேன். எடுக்க மனசு வல்ல. பஸ்சுல எள்ளு போட எடமில்ல. ஆனா ஒருத்தரும் அதுல உக்காரல. கம்பெனி வரைக்கும் நின்னுட்டே வந்தாங்க."

பனியனை உதறி மடித்தாள்.

"அந்த எடம் வந்தா கொரலு எறங்குது. என்ன பண்ணட்டும்?"

"மத்தவங்களும் இறங்குறாங்களே அக்கா?"

"எறங்குவாங்க."

பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கத்தியது.

"சாயங்காலம் வருவீங்களா அக்கா?"

"எதுக்குக் கண்ணு இப்பிடி நிக்கறே? உண்மையச் சொல்லு."

"நீங்க வந்தாதான் பாட்டு. பாட்டு இருந்தாதான் டீச்சர் கையெழுத்துப் போடுவாங்க. இல்லைன்னா ஒரு வருஷம் போச்சு."

பொன்னாத்தா சிரித்துவிட்டாள்.

"அப்பிடிச் செப்பமாச் சொல்லு. செரி, உன்ற கையெழுத்துக்கு வர்றேன்." சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆனா ஒண்ணு. போன வருசம் இவரு பொட்டியில ஒருக்கா ஆச்சு. இன்னிக்கு உன்னுதுல ஒருக்கா. மூணாவது தடவ ஆச்சுன்னா இந்த வாய் அப்புறம் தொறக்காது. குளிக்கறப்பக்கூடப் பாட மாட்டேன். சொல்லிட்டேன்."

சாயங்காலம் மண்டபத்தில் ஐந்நூறு பேர். திரைக்குப் பக்கத்தில் இருபது பேரும் வரிசையில் நின்றார்கள். யாரும் தாரிணியைப் பார்க்கவில்லை. டீக்கடை மாஸ்டர் மட்டும் அவள் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்:

"இன்னிக்கு எந்த மாடியில நின்னு வாசிக்கப் போகுதோ பாப்பா."

டீச்சர் வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"ஃபோன்."

"டீச்சர், சுருதி..."

"வயலின் சேத்தாச்சா?"

"சேத்தாச்சு. அஞ்சு கட்டை."

"போதும்."

ஃபோனும் இயர்போனும் டீச்சர் பைக்குள் போயின. ஜிப்பை இழுத்தார்.

"டீச்சர், நாலாவது சரணத்துல நான் எப்படி எடுக்கறது? எதைக் கேட்டு எடுக்கறது?"

டீச்சர் மேடை ஏறிவிட்டார்.

நான் கீழே முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நாலு நாற்காலி தள்ளி அதே சூப்பர்வைசர். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவர் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தான்.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதும். வயலின் நின்றது. பொன்னாத்தா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"புளியமர ஸ்டாப்பு வந்தாச்சு,
போலாம் ரைட்டுச் சொல்லாதே.
சீட்டுல போட்ட கைக்குட்டை
சின்னமணி எடுக்கலையே."

இரண்டாம் அடியில் குரல் இளகியது. நாலாவது அடியில் இறங்கியது. இருபது பேரும் சேர்ந்து இறங்கினார்கள், ஒரே ஆள் மாதிரி.

மடியில் என் விரல் தானாகத் தேடியது. ஐந்து இல்லை. நாலரையும் இல்லை.

தாரிணி வயலினைத் தோளில் வைத்தாள். வில் தந்திக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒரு தடவை டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. கடைசி அடி திரும்ப வந்தது. அது முடிந்தால் அவள் நுழைய வேண்டும். சூப்பர்வைசர் முன்னால் குனிந்தான்.

தாரிணி தலையைப் பொன்னாத்தா பக்கம் சாய்த்தாள். வாயைப் பார்த்தாள், வயலினைப் பார்க்கவில்லை.

சரணம் முடிந்தது.

வில் தொட்டது. தொட்டதே தெரியாத அளவுக்கு மெதுவாக, ஒற்றைச் சுரம். விரல் தந்தியில் ஒரு நூல் பின்னால் சரிந்தது. இன்னும் ஒரு நூல். நின்றது.

குரல்கள் நின்ற அதே இடம்.

அந்தச் சுருதியிலேயே நின்று நாலாம் சரணம் முழுக்க வாசித்தாள். விரல் வைக்காமல் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை. தொட்டிருந்தால், ஐந்து கட்டைக்குச் சேர்த்த தந்தி காட்டிக்கொடுத்திருக்கும். அத்தனையும் அழுத்தி அழுத்தியே வாசித்தாள். கழுத்து வேர்வையில் நனைந்துவிட்டது.

பொன்னாத்தா கண்ணைத் திறக்கவே இல்லை. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் பாடினாள்.

கை தட்டினார்கள். சூப்பர்வைசரும் தட்டினான். எனக்கு அது பிடிக்கவில்லை.

இறங்கி வந்த பொன்னாத்தா தாரிணியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடக்கு முறித்தாள்.

"கையெழுத்து வாங்கியாச்சா?"

"இல்லக்கா."

"போய் வாங்கு போ. எனக்குப் பஸ்சு போயிரும்."

மண்டபத்துக்குப் பின்னால், வயலின் பெட்டி மேல் படிவத்தை வைத்து டீச்சர் கையெழுத்துப் போட்டார். தேதி எழுதினார். நீட்டினார். தாரிணி வாங்கவில்லை.

"காலையில ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

"ம்."

"சரியான சுருதிதான் முக்கியம்னா ஐயா பெட்டி இருக்கு. முப்பது வருஷக் கை. அதைக் கீழ இறக்கிட்டு எதுக்குக் காலேஜுக்கு எழுதிப் போட்டு வயலின் கேட்டீங்க?"

நானும் நின்றேன். ஒரு வருஷமாக நான் கேட்காத கேள்வி.

டீச்சர் பேனாவை மூடினார். என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமெல்லாம் இல்லை அந்த முகத்தில்.

"அவங்க போய் நிக்கற எடத்துக்கு ஐயா பெட்டியில கட்டை இல்ல."