முப்பத்தொன்றாம் கட்டம்

ஒரு காட்டில், சுனைக்கு மேலே அகன்ற பாறை ஒன்று இருந்தது. முள்ளம்பன்றி அந்தப் பாறையில் தன் முள்ளால் வரிசை வரிசையாகக் கட்டங்கள் கீறி வைத்திருந்தது.

கரடி மலையைத் தோண்டித் தனிமங்களைக் கொண்டுவரும். பெரிய கண்களை உடைய தேவாங்கு அவற்றின் அணுக்களை உற்றுப் பார்க்கும். அணுவின் நடுவே உள்ள கருவில் எத்தனை புரோட்டான்கள் என்று எண்ணிச் சொல்லும். அதுவே கட்டத்தின் எண். கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களில் எத்தனை வெளிவட்டத்தில் இருக்கின்றன என்றும் சொல்லும். வெளிவட்டத்தில் ஒரே எண்ணிக்கை உள்ளவற்றை முள்ளம்பன்றி ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும். அவற்றின் குணமும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

காட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் அந்தப் பாறையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

ஒரு கோடையில் மந்தியின் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. மந்தி இரை தேடப் போனால், மரப்பொந்தில் கிடக்கும் குட்டிக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. இலையைத் தொன்னையாக மடித்து வைத்தால் உச்சிவெயிலுக்குள் வாடி ஒழுகிவிடும்.

மந்தி பாறைக்கு வந்தது. "முள்ளண்ணே, கிண்ணம் செய்யக் கொஞ்சம் அலுமினியம் கொடு. அதுதான் என் பிள்ளை தூக்குகிற கனம்."

"தீர்ந்துவிட்டதே, அக்கா."

"அதற்கு நேர் கீழே இருப்பதைக் கொடு. ஒரே குடும்பம்தானே?"

முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டது. அலுமினியத்துக்குக் கீழே வெறும் கட்டம்தான் இருந்தது.

"துத்தநாகத்தின் எண் முப்பது. அடுத்துக் கிடைத்த ஆர்சனிக்குக்கு முப்பத்துமூன்று. நடுவில் உள்ள இரண்டு பேரும் இன்னும் வரவில்லை, அக்கா."

"வராதவர்களுக்கு இடம் வைத்திருக்கிறாய். வந்து நிற்கிற எனக்குக் கொடுக்க உன்னிடம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு மந்தி போய்விட்டது.

முள்ளம்பன்றிக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. 'அவள் சொன்னது நியாயம்தானோ? இல்லாதவர்களை நானே கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ?' என்று யோசித்துக்கொண்டே, பகல் ஏறியதும் வளைக்குள் கண் அயர்ந்தது.

அந்த வழியாக நரி வந்தது. எதையும் ஒழுங்காகக் காட்டிப் பெயர் வாங்குவதில் அதற்கு ஆசை.

"ஐயய்யே! பல் விழுந்த வாய் மாதிரி அல்லவா இருக்கிறது?" என்று சொல்லிக்கொண்டு, ஆர்சனிக்கை இரண்டு கட்டம் இடப்பக்கமாக நகர்த்தியது. பின்னால் இருந்தவற்றையும் நெருக்கி வைத்தது. வரிசை அழகாக நிரம்பிவிட்டது.

"மந்தியம்மா! இங்கே வா! அலுமினியத்துக்குக் கீழே ஆள் வந்தாயிற்று!" என்று கூவியது.

மந்தி குட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அதைப் பாறையோரம் படுக்கவைத்தது. பளபளத்த சாம்பல்நிறக் கட்டியைப் பக்கத்துக் குகை வாசலில் இருந்த கரடியிடம் கொண்டுபோனது. கரடி அதைக் கல்லால் தட்டியது.

"என்ன இது, அலுமினியம் அடித்தால் வளையும். இது உதிர்கிறதே?"

"குடும்பத்தில் ஒருவன் முரடனாக இருக்க மாட்டானா, கரடி மாமா? குழிவாக ஒரு சில்லு கிடைத்தால் போதும்."

மந்தி அந்தச் சில்லில் தண்ணீர் மொண்டது. பாறையோரம் படுத்திருந்த குட்டியின் தலையைத் தூக்கிப் பிடித்தது. "குடி, என் ராசா."

பேச்சுச் சத்தத்தில் விழித்து வெளியே வந்த முள்ளம்பன்றி முதலில் வரிசையைப் பார்த்தது. பிறகு மந்தியின் கையைப் பார்த்தது. முட்களெல்லாம் சலசலக்கப் பாய்ந்து அந்தச் சில்லைத் தட்டிவிட்டது. தண்ணீர் பாறையில் சிந்தியது. குட்டி வீறிட்டு அழுதது.

"பாவி! காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயிலிருந்தா தட்டிவிடுவாய்?" என்று மந்தி கத்தியது.

"தன் வரிசை கலைந்த கோபம் அதற்கு" என்றது நரி.

முள்ளம்பன்றி சில்லுக்கும் குட்டிக்கும் நடுவே வந்து நின்றது. "தேவாங்கைக் கூப்பிடுங்கள். நான் செய்தது தப்பாக இருந்தால் இந்தப் பாறையை நானே அழித்துவிடுகிறேன்."

தூக்கக் கலக்கத்தோடு வந்த தேவாங்கு, சில்லை உற்றுப் பார்த்தது.

"கருவில் முப்பத்துமூன்று. வெளிவட்டத்தில் ஐந்து. அலுமினியத்துக்கு வெளிவட்டத்தில் மூன்றுதானே? இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. இது பாஸ்பரசுக்குக் கீழே இருந்த ஆர்சனிக். கடும் நஞ்சு. இதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது?"

மந்தி குட்டியை வாரி எடுத்தது. அதன் உதட்டைத் துடைத்தது. ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தது.

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெறுமையாக இருந்தது, நிரப்பினேன்" என்றது நரி. அதன் வால் தாழ்ந்து தரையைத் தொட்டது.

அப்போது கரடி எழுந்து குகைக்குள் போயிற்று. தேன் குடிப்பதற்காக வைத்திருந்த தன் அலுமினியக் கிண்ணத்தோடு திரும்பியது. அதை ஒருமுறை ஆசையாக நக்கியது. பிறகு சுனையில் மூன்று முறை கழுவி மந்தியிடம் நீட்டியது.

"நான் கையாலேயே குடித்துக்கொள்கிறேன். இதைப் பிள்ளைக்கு வை."

குட்டி மடமடவென்று குடித்தது.

முள்ளம்பன்றி ஆர்சனிக்கையும் அதன் பின்னால் இருந்தவற்றையும் பழைய கட்டங்களுக்கே கொண்டுபோனது. தன் முட்களில் இரண்டை உருவி, இரண்டு வெறும் கட்டங்களிலும் குறுக்கே வைத்தது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல.

மழைக்காலம் வந்தது. குட்டி தேறிவிட்டது. ஒருநாள் கரடி, துத்தநாகக் கல்லைக் காய்ச்சும்போது கிடைத்த வெள்ளிநிறத் துணுக்கு ஒன்றைக் கொண்டுவந்தது.

தேவாங்கு பார்த்தது. அதன் கண்கள் இன்னும் பெரிதாயின. "கருவில் முப்பத்தொன்று! வெளிவட்டத்தில் மூன்று!"

குட்டி துணுக்கைக் கையில் வாங்கிப் பொத்தி வைத்துக்கொண்டது. சற்று நேரத்தில் விரலைத் திறந்தபோது உள்ளங்கைச் சூட்டில் அது உருகி, சின்னக் குளம்போல் ததும்பியது. குட்டி கிளுகிளுவென்று சிரித்தது. அதைத்தான் நாம் காலியம் என்கிறோம்.

"இதிலும் கிண்ணம் செய்ய முடியாது போலிருக்கிறதே" என்றது மந்தி.

"முடியாதுதான், அக்கா. ஆனாலும் இடம் இதனுடையது."

முப்பத்தொன்றாம் கட்டத்திலிருந்து முள்ளை எடுத்துவிட்டு, காலியத்தை அங்கே வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த நரி, பக்கத்தில் முப்பத்திரண்டாம் கட்டத்தில் கால் வைக்கப் போனது.

குட்டி இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றது.

"நரி மாமா, அங்கே மிதிக்காதீங்க. ஆள் வருது."

நரி காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டது. சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தின் ஓரத்தில் தானும் காவலுக்கு உட்கார்ந்தது.

நீதி: தெரியாத இடத்தைத் தெரியாது என்றே விட்டுவை, அழகுக்காக நிரப்பினால் அங்கே நஞ்சும் வந்து அமரும்.