தாரணி ஓட்டிய டிரையல்

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஆசான் இருந்தார். ஆசான் என்றதும் தாடியையும் காவியையும் தேடிப் போய்விடாதீர்கள். கிரீஸ் படிந்த கைலி, காதில் சொருகிய பீடி, பேர் அய்யாவு. லாரி மெக்கானிக். அவருடைய சீடர் செங்கோடனோ அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். இன்னும் வேடிக்கை, ஒரு காலத்தில் செங்கோடனின் லாரியில்தான் அய்யாவு கிளீனராக ஓடிக்கொண்டிருந்தார். அப்போது "டேய்" என்ற வாய் இப்போது "ஆசானே" என்றது. வண்டி விஷயத்தில் அய்யாவு சொல்லி ஒன்றுகூடத் தப்பியதில்லை. வேறென்ன செய்வார் மனுஷன்?

அன்று காலை மலையே தெரியாத அளவுக்குப் பனி. செங்கோடன் தன் லாரியின் இடது பக்கத்துக் கதவைத் திறந்து, கம்பியைத் தடவிப் பிடித்து இறங்கினார். ஓட்டிவந்தது மகள் தாரணி. அவருக்குக் கண் நரம்பு கெட்டுவிட்டது. இனி மலை ரோட்டைக் கனவில்தான் ஓட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து மேலே அரிசி ஏற்றிப் போகப்போவது தாரணி. தனியாக.

"ஆசானே, ஒரே கேள்வி. இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்கறதா, தூக்கிப்போட்டு வேற வெக்கறதா?"

"ஆயிலைக் குடிக்குதுங்ணா. புகை நீலமா வருது. ஏற்கெனவே நாலு தடவை பிரிச்சாச்சு."

"அஞ்சாவது தடவை பிரிங்களேன்."

"உங்களுக்கு மாத்த மனசில்லை."

"இல்லைதான்." செங்கோடன் மறைக்கவில்லை. "இருபத்திரண்டு வருசம் பழகியாச்சு. அதுக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். வழியில மக்கர் பண்ணினா பாப்பா போனை இன்ஜின்கிட்டப் புடிப்பா. நான் வீட்ல இருந்தே சொல்லிருவேன். புதுசு வெச்சா அது யாரோ, நான் யாரோ. மலை மேல எம்பொண்ணு ஒத்தையில நிப்பா. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?"

பயம், வேறொன்றுமில்லை. பெற்ற மனசு அடித்துக்கொண்டது.

"பாப்பாவுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களாண்ணா?"

"மூணு மாசமா. ஒண்ணு விடாம." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அய்யாவு பட்டறை ஓரம் நின்ற இன்னொரு லாரியைக் காட்டினார்.

"தாரணி, அந்த வண்டிக்கு பிரேக் வேலை முடிஞ்சுது. நான் ஓட்டிப் பாத்துட்டேன், கச்சிதமா இருக்கு. இன்ஜினும் புதுசு. நீ ஒரு டிரையல் பாரு. ஆறு வளைவு ஏறி, அகலமான இடத்துல திருப்பிட்டு வா."

"சரிங்க சித்தப்பா."

"ஆசானே, அப்ப என் கேள்வி?"

"டீ குடிங்ணா."

லாரி பனிக்குள் போய் மறைந்தது. செங்கோடனுக்கு எல்லாம் வெள்ளையாக இருந்தது. எது பனி, எது தன் கண் என்று புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் மட்டும் மேலே ஏறியது. கேட்கக் கேட்க அவர் டீ கிளாஸை மறந்தார், பட்டறையை மறந்தார். ஸ்டியரிங் கைக்குள் வந்துவிட்டது. கால் தானாகக் கிளட்சைத் தேடியது. இந்த வளைவில் புளியமரம், அடுத்ததில் குரங்குகள், அதற்கப்புறம் ஈரப்பாறை. ஒவ்வொன்றும் அவர் இமைக்குள் மெல்ல மிதந்து போயிற்று. ஆஹா, என்ன சுகம்!

திடீரென்று அவர் முகம் சுருங்கியது.

"ஏன் இவ்வளவு சீக்கிரம் ஃபர்ஸ்ட் கியர் போடறா? வளைவே வரலையே."

அய்யாவு ஒரு ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

சற்று நேரத்தில் மேலே ஏறிய சத்தம் ஒரே இடத்தில் நின்று உறுமியது. செங்கோடன் பதறி எழுந்தார்.

"ஐயோ, நின்னுட்டாளே! என்னாச்சு?"

"நாலாவது வளைவு. அங்க நீங்க என்ன பண்ணுவீங்கண்ணா?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துவேன். அதுக்குள்ள கொதிச்சுருமே..." சொன்ன வாய் பாதியில் நின்றது. புது இன்ஜின் எங்கே கொதிக்கும்?

லாரி இறங்கி வந்தது. பட்டறை முன்னால் சமதளம் காலியாகக் கிடந்தது. தாரணி அதைத் தாண்டிப் போய், சரிவில் வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தினாள். குதித்து இறங்கி முன்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்தாள். தள்ளாமலே உருட்டி ஸ்டார்ட் செய்ய வாகான இடம். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணும்மா," என்றார் அய்யாவு.

"பண்ணினா மறுபடி ஸ்டார்ட் ஆகுமா சித்தப்பா?"

கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள். அந்தக் குளிரிலும் அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி எப்படி இருக்குது?"

"எங்க வண்டி மாதிரியேதாங்க சித்தப்பா இருக்குது."

செங்கோடன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போயிருந்தது. இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மெல்ல எழுந்து அய்யாவுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புரிஞ்சுது ஆசானே. மாத்திரலாம். இன்னிக்கே இறக்கிருங்க."

"இன்ஜினை இறக்கறது ஒரு நாள் வேலைங்ணா," என்றார் அய்யாவு. "பாப்பா கையில நீங்க ஏத்தி வெச்ச பயத்தை எப்ப இறக்கப் போறீங்க?"