வெளியே போன மூங்கிலரிசி

மூங்கில் காடு ஒன்று. அதைப் பிடித்த கரடி, முதல் வேலையாகச் சுற்றிலும் வேலி போட்டது.

"வெளிக்காட்டுக்காரன் எவனும் உள்ளே வரக்கூடாது! நம்மிடம் இல்லாதது எது?" என்றது.

வடக்கே ஓநாய்க் காட்டோடு மட்டும் சிநேகம். ஓநாய்கள் இரும்புக் கலப்பை கொடுத்தன. பதிலுக்கு மூங்கிலரிசி தருவதாகப் பேச்சு.

ஒரு வருஷம் மூங்கில் பூத்தது. பூத்தால் அரிசி கொட்டும். பிறகு காடே பட்டுப்போகும். விளைந்தது பத்து மூட்டை. கணக்குப் பார்க்கும் நரி கரடியிடம் போய் நூறு என்று சொன்னது. குறைத்துச் சொன்னால் கரடி தோலை உரித்துவிடும்.

மூங்கில் பட்டது. எங்கும் பசி. அந்த நேரம் பார்த்து ஓநாய்களோடு சண்டையும் வந்தது.

"கலப்பைக்கான அரிசியை இன்றைக்கே அனுப்பு! அவன் முன்னால் நாம் தலைகுனிவதா?" என்றது கரடி.

வண்டி இழுக்கும் எருமை மெல்லக் கேட்டது. "தலைவரே, என் பெஞ்சாதி நாலு நாளாப் பட்டினி. ஒரு படி மட்டும்..."

"நூறு மூட்டை விளைஞ்ச காட்டுல பட்டினியா? எவன்டா சொன்னது?" என்று சீறியது நரி.

எருமை வண்டியை இழுத்தது. எல்லையில் ஓநாய் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அவசரமா யாருப்பா கேட்டா?" என்றது.

திரும்பி வந்தபோது கொட்டிலில் பெஞ்சாதி செத்துக் கிடந்தாள்.

காலம் போனது. மூங்கில் மறுபடி முளைத்தது. கரடியும் செத்தது. அடுத்து வந்த கரடி, தெற்கு வேலியைப் பிரித்து வாசல் வைத்தது. வெளிக்காட்டுக் குரங்குகள் வந்து கூடைப் பட்டறை போட்டன. கூடை வெளியே போனது. சோளம் உள்ளே வந்தது.

"வாசல் வேணும்னு நான் அப்பவே சொன்னேனே!" என்றது நரி. பொய்தான். யார் கேட்பது?

புதுக் கரடி எருமையைக் கூப்பிட்டது. "கிழவா, வெளிக்காட்டுச் சோளம்! வயிறு முட்டத் தின்னு!"

எருமை ஒரு வாய் மென்றது.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு, தலைவரே. இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா அவளும் தின்னிருப்பா."



"சரி சரி, வண்டியைக் கட்டு! கூடை காத்துக் கிடக்கு!" என்றது நரி. எருமை எழுந்து நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுத்தது.

அயலான் முன் வீறாப்புக் காட்ட வீட்டுச் சோற்றை அனுப்பிவிட்டு, பிறகு எத்தனை வாசல் திறந்தாலும் செத்தவர் சாப்பிட வருவதில்லை.