வெறும் முதுகோடு முதல் நடை

மலையடிவாரக் காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் தொழிலைச் செய்துவந்தது செம்பாயி என்ற ஆமை. தலைக்கு ஓர் அத்திப்பழம் கூலி.

செம்பாயிக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் முதல் நடை வெறும் முதுகோடுதான் போகும். தண்ணீரின் இழுப்பு எப்படி, மரம் மட்டை ஏதும் மிதந்து வருகிறதா என்று பார்த்துத் திரும்பிய பிறகுதான் ஆள் ஏற்றும்.

அந்த ஆடி மாதம் துள்ளன் என்ற நீர்நாயும் அதே தொழிலில் இறங்கியது.

"ஆமை ஒரு தடவை போறதுக்குள்ள நான் நாலு தடவை போயிடுவேன்! ஏறுங்க, ஏறுங்க!"

வேகம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? எலி, ஓணான் எல்லாம் துள்ளன் பக்கம் ஓடின. செம்பாயியின் முதுகு காலியாகவே கிடந்தது. ஆனாலும் காலை நடையை அது விடவில்லை.

"ஆளே வராத துறைக்கு எதுக்குக்கா சோதனை?" என்று துள்ளன் சிரித்தது.

"ஆள் வர்றப்ப ஆறு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல தம்பி!"

துறைக்குப் பொறுப்பான யானை ஒருநாள் வந்து கண்டிப்பாகச் சொன்னது: "ஆடி முடியறதுக்குள்ள ஒரு சவாரியாவது ஏத்து, செம்பாயி. இல்லன்னா துறை துள்ளனுக்குத்தான்!"

ஆடியின் கடைசி நாளும் வந்தது. யாரும் வரவில்லை. நடை போய்விட்டு அப்போதுதான் கரையேறியிருந்தது செம்பாயி. ஐந்து அணில்கள் ஓடிவந்தன. மாப்பிள்ளை வீட்டார்!

"அக்கா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு! துள்ளனைக் காணோம். ஆளுக்கு ரெண்டு பழம் தர்றோம், சீக்கிரம்!" என்றது மாப்பிள்ளையின் அப்பா.

ஏற்றினால் துறை செம்பாயியிடமே நிற்கும். ஆனால் காலை நடையில் நடு ஆற்று இழுப்பு செம்பாயியையே சுழற்றியிருந்தது. தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியிருந்தது. பச்சை இலைகள் பிய்ந்து மிதந்து வந்தன. மலையில் பெருமழை!

"இன்னைக்கு ஏத்த மாட்டேன். வெள்ளம் வருது."

"வானம் பளிச்சுன்னு இருக்கு! நல்ல நாளும் அதுவுமா இப்படியா சொல்றது?"

"என்ன வேணா சொல்லுங்க. என் முதுகுல ஏறுற உசுருக்கு நான்தான் பொறுப்பு!"

அதற்குள் துள்ளன் வந்து சேர்ந்தது. "நான் இருக்கேன், ஏறுங்க!" என்று அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு பாய்ந்தது.

பாதி ஆறு தாண்டவில்லை. ஹோவென்று இரைச்சல். வெள்ளம் வந்து மோதியதில் துள்ளன் குட்டிக்கரணம் போட்டது. அணில்கள் நாலாபுறமும் சிதறின!

"கீழ, பாறைக்கு நடுவுல ஒரு நாவல் மரம் சிக்கிக் கிடக்கு! அதைப் புடிச்சுக்கோங்க!" என்று செம்பாயி கத்தியது. காலையில் பார்த்து வைத்த மரம். எல்லாம் அதைத் தொற்றிக்கொண்டன. வெள்ளத்தோடு மல்லுக்கட்டி, இரண்டு நடையில் ஐந்து அணில்களையும் கரை சேர்த்தது செம்பாயி. துள்ளன் அதன் ஓட்டைப் பிடித்துக்கொண்டே கடைசியாக வந்தது.

மாலையில் யானை வந்தது. "ஒரு சவாரியாவது போச்சா?"

செம்பாயி தலைகுனிந்தது. ஆனால் மாப்பிள்ளை அணில் முன்னால் துள்ளி வந்தது. "அஞ்சு சவாரி! நட்டாத்துல இருந்து கரைக்கு!"

யானை துதிக்கையைத் தூக்கிப் பிளிறியது. "அப்புறம் என்ன? துறை உனக்குத்தான்!"

அணில்கள் பத்துப் பழங்களை நீட்டின. செம்பாயி தொடவில்லை. "அக்கரை சேர்த்தாத்தான் எனக்குக் கூலி!" என்றது நிமிர்ந்து.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. செம்பாயி முதல் நடை போய்த் திரும்பும்வரை கல்யாணக் கூட்டமே கரையில் பொறுமையாகக் காத்திருந்தது. அந்த நடையில் வெறும் முதுகோடு அதன் பின்னாலேயே நீந்திப் போனது துள்ளன்.

யாரும் பார்க்காத நாளிலும் வேலையை முறையாகச் செய்பவரும், தேடிவந்த லாபத்தைக்கூட வாடிக்கையாளரின் நன்மைக்காக வேண்டாம் என்று சொல்பவருமே தொழிலில் தலைநிமிர்ந்து நிற்பார்.