மாசிலாமணி வாத்தியார் வாசித்த சட்டம்

செம்மலைச் சமஸ்தானத்தில் சட்டசபை ஏற்படுத்தியபோது, பேருக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் இருக்கட்டும் என்று மாசிலாமணி வாத்தியாரைப் போட்டார்கள். மற்ற அங்கத்தினர்கள் எல்லாம் மிராசுதார்கள். திவான் எதை வாசித்தாலும், அவர் மூச்சு விட்டதும் "சம்மதம்" என்று கூட்டமாகக் குரல் கொடுப்பார்கள். காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

ஒருநாள் குடியானவர்களின் கிணறுகளுக்கு வரி போடும் சட்டம் வந்தது. வாத்தியார் மட்டும் எழுந்து, "இது வேண்டாமுங்க" என்றார்.

திவானுக்குச் சுருக்கென்றது. "எல்லாருக்கும் புரிந்தது உமக்கு மட்டும் புரியலையோ? நீரே உரக்க வாசியும். சபை சம்மதம் சொல்லும். முடிந்தால் தடுத்துப் பாரும்!"

வாத்தியார் வகுப்பில் பாடம் சொல்கிற ராகத்தில் வாசித்தார்.

"குடியானவர் கிணற்றுக்கு வரி உண்டு."

"சம்மதம்!"

"கட்டாதவர் மாடு ஜப்தி செய்யப்படும்."

"சம்மதம்!"

"அங்கத்தினர் கிணற்றுக்கும் திவான் கிணற்றுக்கும் இரட்டை வரி."

"சம்மதம்!"

திவான் துள்ளி எழுந்தார். "ஓய்! இது சட்டத்தில் எங்கே இருக்கிறது?"

"இல்லைங்க எஜமான். பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிக்கும்போது நடுவில் ஒரு வரியை மாற்றிச் சொல்வது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். யார் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இங்கே தேறியது நீங்கள் ஒருத்தர்தான். ஆனால் சபை நிறைவேற்றிவிட்டதே!"

மிராசுதார்களுக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது. "ஐயோ, வேண்டாம்! அந்தச் சட்டமே வேண்டாம்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

வாத்தியார் காகிதத்தை மடித்துத் திவானிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்:

"சம்மதம்."